முப்பத்திரண்டு வரை பொறுங்கள்: வேலைக்குப் போகிறவர்களுக்கான மாரத்தான் வேகக் கணக்கு

நகர மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கும் அலுவலக நண்பரிடம் "என்ன டார்கெட்?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு மணி நேரம், நாலரை, ஐந்துக்குள் என்று முழு எண்ணாகத்தான் பதில் வரும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. பக்கத்து டீமில் ஒருவர் போன வருடம் அந்த நேரத்தில் முடித்திருப்பார், அல்லது சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும். 25 கிலோமீட்டர் வரை பறந்துவிட்டு, 33-ல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடப்பவர்களின் கதை அந்த எண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

இந்த மயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. எரிக் ஆலன், பாட்ரிசியா டெச்சோ, டெவின் போப், ஜார்ஜ் வூ ஆகிய நால்வர் சுமார் 98 லட்சம் மாரத்தான் நேரங்களை அலசி, 2017-ல் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடித்த நேரங்களை வரைபடமாகப் போட்டால் 3 மணி, 3:30, 4 மணி ஆகியவற்றுக்குச் சற்று முன்னால் கூட்டம் குவிகிறது. அந்தக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று குறைகிறது. மாத இறுதியில் விற்பனை டார்கெட்டைத் துரத்துகிற மனம்தான் இங்கேயும் ஓடுகிறது. முழு எண் கெட்டது என்று சொல்லவில்லை. 39-வது கிலோமீட்டரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தாராளமாகத் துரத்தலாம். முதல் கிலோமீட்டரிலேயே அதற்காக ஓடத் தொடங்குவதுதான் ஆபத்து.

வேகக் கணக்கை நான்கு மாதம் முன்பே போடத் தொடங்க வேண்டும். அதில் உங்கள் கால்களுக்கு எவ்வளவு இடமோ, அவ்வளவு இடம் உங்கள் ஷிஃப்டுக்கும் தூக்கத்துக்கும் லீவுக்கும் உண்டு. பயிற்சிப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. காலை ஒன்பது மணிக்கு லாக்-இன் பண்ண வேண்டியவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

எண்ணை எப்படிப் பிடிப்பது

பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். தூரம் இரு மடங்கானால், நேரம் இரண்டு மடங்கு ஆகாது, சுமார் 2.085 மடங்கு ஆகும். அரை மாரத்தானை 2 மணி 15 நிமிடத்தில் முடித்தவருக்கு முழு மாரத்தான் கணக்கு 4 மணி 41 நிமிடம். இது ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவருக்கான கணக்கு. வாரத்துக்கு 40 கிலோமீட்டர்கூட ஓட முடியாத வேலை உங்களுடையது என்றால் இன்னும் 15 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இது அவமானமில்லை, நேர்மை. இன்னொன்று: அந்த அரை மாரத்தான் எந்த ஊரில் ஓடியது என்று பாருங்கள். பெங்களூரு குளிரில் ஓடிய நேரத்தை வைத்துச் சென்னைக்கு டார்கெட் போட்டால் அந்த எண்ணில் கடற்கரை ஈரப்பதம் இல்லவே இல்லை.

சென்னை மாரத்தானையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். 2006-ல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் ஓட்டம் இது. ஜனவரி தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் வரும். அண்மை ஆண்டுகளில் முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தருகே அதிகாலை 4 மணிக்குக் கிளம்புகிறது. 4 மணி 41 நிமிடம் வருகிற நம் நண்பர் 4:45-ஐ வைத்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 42.195 கி.மீ.யால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி.

கைக்கடிகாரத்தில் இதே எண்ணை வைத்து ஓடினால் ஏமாந்துபோவார். மாரத்தான் பாதையை அளப்பவர்கள் வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். நாமோ கூட்டத்தைச் சுற்றி, தண்ணீர் மேசைக்குப் போய், அடுத்த ஓரத்துக்கு வந்து, வளைவின் வெளிப்பக்கம் ஓடுகிறோம். முடிவில் கடிகாரம் 42.6 காட்டுவது சகஜம். 4:45-ல் 42.6 கி.மீ. முடிக்க வேண்டுமானால் கடிகாரத்தில் தெரிய வேண்டிய வேகம் 6:41. இந்த நான்கு விநாடி வித்தியாசம் தெரியாமல் "வாட்ச்ல சரியாத்தான் ஓடினேன், எப்படி மூணு நிமிஷம் லேட்டாச்சு?" என்று புலம்புகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் மேம்பாலத்தின் கீழும் ஜிபிஎஸ் தடுமாறும். அதனால் தானாக விழும் லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது நீங்களே பொத்தானை அழுத்துங்கள். பலகை சொல்வதுதான் கணக்கு.

கந்து வட்டி

முதல் பத்து கிலோமீட்டரில் உடம்பு லேசாக இருக்கும். நாலு மாதப் பயிற்சி, கடைசி இரண்டு வார ஓய்வு, கூட்டம், மைக் சத்தம், இருட்டு, கடற்காற்று. 6:45 என்ற வேகம் நடப்பது போலத் தோன்றும். "இப்பவே கொஞ்சம் நேரம் சேர்த்து வெச்சுக்கலாம்" என்று மனம் சொல்லும். அப்படிச் சேர்ப்பது கந்து வட்டிக்குக் கடன் வாங்குவது. கணக்கைப் பாருங்கள். முதல் 10 கி.மீ.யைக் கிலோமீட்டருக்கு 30 விநாடி வேகமாக, 6:15-ல் ஓடினால் லாபம் ஐந்து நிமிடம். அதன் விளைவாகக் கடைசி 10 கி.மீ. 8:30-க்கு இறங்கினால் நஷ்டம் பதினேழரை நிமிடம். மாரத்தானில் 8:30 ஒன்றும் பெரிய சரிவு அல்ல. நடக்க ஆரம்பித்தால் கிலோமீட்டருக்கு 11, 12 நிமிடம் என்று போகும்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. முதல் 5 கி.மீ.யை 7 நிமிட வேகத்தில், உங்களுக்கே எரிச்சல் வருகிற அளவு மெதுவாக ஓடினால் இழப்பது 75 விநாடி. மீதி 37 கி.மீ.யில் கிலோமீட்டருக்கு இரண்டு விநாடி. அவ்வளவுதான் பேச்சு. மெதுவான தொடக்கத்தின் விலை இவ்வளவு மலிவு என்று தெரிந்தால், பக்கத்தில் யார் தாண்டிப் போனாலும் பதற்றம் வராது.

உடம்புக்குள் நடப்பது என்ன? ஓட்டத்துக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தான் முழுக்க 2,700-க்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமிப்பில் இருப்பது பொதுவாக 400 முதல் 500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரிக்குள். மீதியைக் கொழுப்பும், ஓடும்போது சாப்பிடுவதும் தர வேண்டும். வேகம் கூடக் கூட, உடம்பு கொழுப்பை விட்டுக் கிளைகோஜனை அதிகமாக எடுக்கும். 5-வது கிலோமீட்டரில் கூடுதலாக எரித்த கிளைகோஜன் 33-வது கிலோமீட்டரில் இருக்காது. ஓட்டக்காரர்கள் "சுவர்" என்று சொல்வது இதைத்தான். முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் அது வரும். மன உறுதி குறைந்ததால் அது வருவதில்லை. அடுப்பில் எரிபொருள் தீர்ந்ததால் வருகிறது.

உலகின் தலைசிறந்த கால்களுக்கும் இந்த விதி பொருந்தும். எலியுட் கிப்சோகே 2022 பெர்லின் மாரத்தானில் முதல் பாதியை 59:51-ல் ஓடினார். இரண்டாம் பாதி 61:18. மொத்தம் 2:01:09, அப்போது உலக சாதனை. மறு ஆண்டு சிகாகோவில் கெல்வின் கிப்டும் முதல் பாதியை 60:48-ல் நிதானமாக எடுத்து, இரண்டாம் பாதியை 59:47-ல் முடித்தார். மொத்தம் 2:00:35, சாதனை கைமாறியது. கிப்டும் 2024 பிப்ரவரியில் சாலை விபத்தில் இறந்துபோனார், வயது 24. அந்தச் சிகாகோ ஓட்டத்தின் இரண்டாம் பாதியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொறுமைக்கு அதைவிட நல்ல பாடம் காட்ட எனக்குத் தெரியாது.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ராபர்ட் டீனர் குழுவினர் 14 அமெரிக்க மாரத்தான்களில் 91,929 ஓட்டங்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். இரண்டாம் பாதியில் ஆண்களின் வேகம் சராசரியாக 15.6 சதவீதம் குறைந்தது, பெண்களுக்கு 11.7 சதவீதம். உடலியல் வேறுபாடு ஒரு பங்கு. துணிந்து வேகமாகத் தொடங்குவதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். உங்கள் அலுவலகக் குழுவில் ஓடும் பெண்களின் பின்னால் முதல் பத்து கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள்.

நவம்பர், டிசம்பர், ரிலீஸ்

ஜனவரி ஓட்டத்துக்கு 16 வாரப் பயிற்சி என்றால் செப்டம்பர் நடுவில் தொடங்க வேண்டும். நீண்ட ஓட்டங்கள் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். அவற்றில் மிக நீண்டதான 30, 32 கி.மீ., மாரத்தானுக்கு மூன்று வாரம் முன், டிசம்பர் நடுவில் வரும். அப்போதுதான் காலாண்டு முடிவு, ஆண்டு இறுதிக் கணக்கு, கிறிஸ்துமஸுக்கு முன் முடித்தாக வேண்டிய ரிலீஸ் எல்லாம் சேர்ந்து நிற்கும். மழையை யாரும் மாற்ற முடியாது. அலுவலகக் காலண்டரை அக்டோபரிலேயே எடுத்துவைத்து, எந்த இரண்டு வாரம் தூக்கம் கெடும் என்று குறித்துவைக்க முடியும். அந்த வாரங்களில் நீண்ட ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். விட்டுப்போன ஓட்டத்தை அடுத்த வாரம் சேர்த்து ஓடி ஈடுகட்ட வேண்டாம். காயம் வருவது அப்படித்தான்.

பயிற்சியில் பெரும்பகுதி மெதுவாக இருக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக? கிளையண்டோடு போனில் பேசிக்கொண்டே ஓடினால், நீங்கள் ஓடுகிறீர்கள் என்று மறுமுனைக்குத் தெரியாத அளவு. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மாரத்தான் வேகத்தை உடம்புக்குக் கற்றுக்கொடுக்க, நீண்ட ஓட்டத்தின் கடைசி 8 கி.மீ.யை மட்டும் அந்த வேகத்தில் ஓடுங்கள். கால் களைத்த பிறகு 6:45 எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். காலையில் களைப்பில்லாமல் எழுந்து ஓடும் 6:45 உங்களுக்கு எதையும் சொல்லாது.

வேலை நாள் எப்படிப் போனது என்பதும் வேகத்தை மாற்றும். சாமுவேல் மார்கோரா குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 16 பேருக்கு 90 நிமிடம் மூளையைக் கசக்கும் கணினி வேலை கொடுத்துவிட்டு, சைக்கிளைக் களைத்து நிற்கும்வரை மிதிக்கச் சொன்னார்கள். வேறொரு நாள், ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதிக்கச் சொன்னார்கள். மூளை களைத்த நாளில் சராசரியாக 640 விநாடி, மற்ற நாளில் 754 விநாடி. இதயமும் நுரையீரலும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன. சிரமம் மட்டும் அதிகமாகத் தோன்றியது. மூன்று மணி நேர அப்ரைசல் மீட்டிங் முடிந்து மாலை ஓட்டத்தில் வழக்கமான வேகம் கனமாக இருந்தால் உங்கள் ஃபிட்னஸ் போய்விடவில்லை. அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடுங்கள், அல்லது வீட்டுக்குப் போங்கள்.

இரவு ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு. ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு நேராக 25 கி.மீ. ஓடப் போகாதீர்கள். தூங்கி எழுந்து மாலையில் ஓடுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய வாரம் பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்குகிறவர்கள் அதிகம் என்பதால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேனேஜரிடம் எப்படிக் கேட்பது

நவம்பரில் கேளுங்கள், தேதியோடு கேளுங்கள், பதிலுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உதாரணத்துக்கு:

"சார், ஜனவரி முதல் வாரக் கடைசியில மாரத்தான் ஓடறேன். மறுநாள் திங்கட்கிழமை எனக்கு லீவு வேணும். ஓட்டத்துக்கு முந்தின மூணு ராத்திரி ஆன்-கால் மட்டும் வேற யாராவது பார்த்துக்கிட்டா நல்லா இருக்கும். பொங்கல் வார ஆன்-காலை முழுசா நான் எடுத்துக்கறேன்."

"பொங்கலுக்கு ஊருக்குப் போகலையா நீங்க?"

"இந்த வருஷம் இல்ல சார்."

"அப்ப இன்னிக்கே ஒரு மெயில் போட்டுடுங்க. நான் ரோஸ்டர்ல மாத்திடறேன்."

இதில் மாரத்தான் எவ்வளவு பெருமையானது என்ற விளக்கம் ஒரு வரிகூட இல்லை. மேனேஜருக்குத் தேவை யார், எப்போது, யார் பதிலுக்கு என்பது. வாய்ப்பேச்சோடு விடாமல் மெயிலும் போட்டுவிடுங்கள். டிசம்பர் கடைசியில் ஒரு அவசரம் வந்து ரோஸ்டர் கலையும்போது அந்த மெயில்தான் பேசும்.

நிறுவனமே பிப் (ஓட்ட எண் அட்டை) வாங்கிக் கொடுத்து, டி-ஷர்ட் போட்டுக் குழுவாக ஓட அழைக்கும் இடங்கள் இப்போது நிறைய. நல்ல விஷயம். ஆனால் அந்த வாட்ஸ்அப் குழுவில் உங்கள் இலக்கு நேரத்தை எழுதாதீர்கள். எழுதினால் அந்த எண் உங்கள் கையை விட்டுப் போய்விடும். வைஸ் பிரசிடென்ட் "சூப்பர், ஆல் தி பெஸ்ட்" என்று பதில் போட்ட பிறகு, ஈரப்பதம் அதிகமான காலையில் இலக்கைப் பத்து நிமிடம் தளர்த்த மனம் வராது. ஓடும் இடத்தை நேரடியாகக் காட்டும் டிராக்கிங் இணைப்பை வீட்டில் ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். இருபது சகாக்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே கிலோமீட்டருக்குப் பத்து விநாடியைத் திருடிவிடும். குழுவில் எல்லாரும் முழு மாரத்தான் என்பதற்காக நீங்களும் அதற்குப் போக வேண்டியதில்லை. 10 கி.மீ. நன்றாக ஓடுகிறவர் 42 கி.மீ. தவிப்பவரைவிடக் குறைந்தவர் இல்லை. சென்னையில் 32.186 கி.மீ. பிரிவும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

நாற்பது வயதை ஒட்டியவர்களும், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்களும் பெயர் கொடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். நிறுவனம் வருடாந்திர மெடிக்கல் செக்-அப் தருகிறது என்றால் அதை செப்டம்பருக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலை

நாலு மணித் தொடக்கம் என்றால் இரண்டரைக்கு எழுந்து ஏதாவது சாப்பிட வேண்டும். இட்லி, பிரெட், வாழைப்பழம், பயிற்சியில் பழகிய எதுவானாலும் சரி. புதிதாக எதுவும் வேண்டாம். முந்தின இரவு தூக்கம் வராது, கவலைப்படாதீர்கள். அதற்கு முந்தைய இரண்டு இரவுகளின் தூக்கம்தான் கைகொடுக்கும். ஆன்-காலை மூன்று நாளுக்கு மாற்றிக் கேட்கச் சொன்னது அதற்காகத்தான்.

தொடக்கக் கோட்டருகே நேரம் எழுதிய கொடியோடு பேசர்கள், அதாவது அந்த நேரத்தில் முடிக்கும் வேகத்தில் சீராக ஓடி வழிகாட்டுகிறவர்கள், நிற்பார்கள். உங்கள் நேரத்துக்கான கொடியைத் தேடிப் போய் அதைப் பிடித்திருப்பவர் பின்னால் நில்லுங்கள். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கிப்சோகே 1:59:40-ல் ஓடியபோது 41 பேசர்கள் மாறி மாறிச் சுற்றி ஓடினார்கள். முன்னால் போன கார் சாலையில் லேசர் கோடு போட்டு வேகத்தைக் காட்டிக்கொண்டே போனது. இத்தனை உதவி இருந்ததால் அது அதிகாரபூர்வ சாதனையாக ஏற்கப்படவில்லை. அவருக்கே வேகத்தைப் பிடிக்க இவ்வளவு ஆள் தேவைப்பட்டது. நாம் ஒரு கொடியைப் பின்தொடர்வதில் என்ன தயக்கம்?

கூட்டத்தில் பேசரை விட்டுவிட்டால் முதல் கிலோமீட்டரிலேயே பாய்ந்து பிடிக்காதீர்கள். எட்டு, பத்து கிலோமீட்டருக்குள் மெல்லப் போய்ச் சேருங்கள். அவரைத் தாண்டிப் போக ஆசை வரும். நல்ல பேசர் அதைக் கவனித்துவிடுவார். "தம்பி, முன்னாடி போகாதீங்க. முப்பத்திரண்டுல கால் நல்லா இருந்தா நானே அனுப்பி வைக்கறேன்" என்று அவர் சொன்னால், "சரிங்கண்ணா" என்று பின்னால் வந்துவிடுங்கள். அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த அறிவுரை அதுதான்.

சென்னை ஜனவரி விடியல் 20, 22 டிகிரி என்று கேட்டால் இதமாகத் தோன்றும். ஈரப்பதம்தான் எதிரி. வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே வழிந்தால் உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு நேரம் போகப் போக ஏறும். சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும். 6:45 வேகத்தில் போகிறவர் அப்போது 22-வது கிலோமீட்டரில் இருப்பார். ஆக, முதல் பாதி இருட்டில், இரண்டாம் பாதி வெயிலில். இரண்டு பாதியும் ஒரே வேகம் என்று திட்டம் போட்டவருக்கு இரண்டாம் பாதி கூடுதலாகச் செலவு வைக்கும் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. அதனால் பாதித் தூரத்தில் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி, "இப்பவே திரும்பி இன்னொரு தடவை இதே அளவு ஓடச் சொன்னா முடியுமா?" என்பது. தயக்கம் வந்தால் அங்கேயே கிலோமீட்டருக்குப் பத்து விநாடி வேகத்தைக் குறையுங்கள். 22-ல் குறைக்கும் பத்து விநாடி 34-ல் நடக்கும் மூன்று கிலோமீட்டரைத் தடுக்கும்.

மும்பையில் ஓடுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. ஜனவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அந்த ஓட்டத்தில் பெடர் ரோடு ஏற்றம் புகழ்பெற்றது. திரும்பி வரும் வழியில், கால் ஏற்கெனவே கெஞ்சும் நேரத்தில் வந்து நிற்கும். அங்கே கடிகாரத்தை மறந்துவிட்டு மூச்சை மட்டும் ஒரே சீராக வைத்து ஏறுங்கள். இழந்த விநாடிகளை இறக்கத்தில் பாய்ந்து மீட்க முயன்றால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும்.

சாப்பாடும் வேகக் கணக்கில் சேரும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு எனர்ஜி ஜெல்லில் பொதுவாக 20, 25 கிராம் இருக்கும். பசி வரும்வரை காத்திருக்காமல் 40-வது நிமிடத்திலேயே முதலாவதை எடுங்கள். ஜெல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் பேரீச்சம்பழம், வாழைப்பழம் என்று பழகியிருக்கலாம். கடலை மிட்டாய் ஓடும்போது மெல்லக் கஷ்டம், கொழுப்பும் அதிகம். தண்ணீர் மேசையில் கோப்பையை எடுத்து, பத்து அடி நடந்தபடியே குடித்துவிட்டு மறுபடி ஓடுங்கள். நடந்தால் தோற்றதாக அர்த்தமில்லை. அமெரிக்காவுக்காக 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, முதல் கிலோமீட்டரிலிருந்தே ஓட்டமும் நடையும் கலக்கும் முறையைப் பரப்பி லட்சக்கணக்கானவர்களை மாரத்தான் முடிக்க வைத்தவர். களைத்த பிறகு நடப்பதைவிட, களைக்கும் முன் அளவாக நடப்பது எவ்வளவோ மேல்.

அதே நேரம் மேசைக்கு மேசை வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது. 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும், ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், சில மேசைகளில் வெறும் தண்ணீருக்குப் பதில் உப்புக் கரைசல் எடுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு அது கெடுதல். நெஞ்சு வலி, தலைசுற்றல், பேச்சுத் தடுமாற்றம், வியர்த்துக்கொண்டிருந்த உடம்பு சில்லிட்டுப்போவது, இதில் எது வந்தாலும் இலக்கு ரத்து. பக்கத்துத் தன்னார்வலரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

32-ஐத் தாண்டிய பிறகு மீதி 10 கிலோமீட்டர். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுத்தது. கால் சரியாக இருந்தால் இப்போது பேசரைத் தாண்டலாம், கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி வீதம். முன்னால் தெரியும் ஒருவரின் டி-ஷர்ட்டைக் குறிவைத்து அவரைத் தாண்டுங்கள், பிறகு அடுத்தவர். கால் சரியாக இல்லையென்றால் கிலோமீட்டரை உடைத்துக்கொள்ளுங்கள்: நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. முழுக்க நடப்பதற்கும் இதற்கும் பத்து கிலோமீட்டரில் பல நிமிடங்கள் வித்தியாசம்.

திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

தசை வலி உச்சத்துக்கு வருவது ஒன்று முதல் மூன்று நாளில். ஞாயிற்றுக்கிழமை ஓடியவருக்குச் செவ்வாய்க்கிழமை திங்களைவிட மோசமாக இருக்கலாம். முடிந்தால் திங்கள் லீவு, செவ்வாய் வீட்டிலிருந்து வேலை. நின்றுகொண்டே பிரசன்டேஷன் செய்ய வேண்டிய கிளையண்ட் விசிட்டை அந்த வாரம் ஒப்புக்கொள்ளாதீர்கள். படி இறங்கும்போதுதான் வலி அதிகம், லிஃப்ட் இருக்கும் பக்கமே போங்கள். மூன்று, நான்கு நாள் ஓட்டமே வேண்டாம், நடந்தால் போதும்.

அந்த வாரத்துக்குள் ஒரு வேலை மட்டும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஆன நேரத்தை ஒரு ஷீட்டில் போடுங்கள். 5 முதல் 10 வரையான பகுதியையும் 35 முதல் 40 வரையான பகுதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இரண்டு நிமிடத்துக்குள் என்றால் வேகத்தைச் சரியாகப் பங்கிட்டிருக்கிறீர்கள், அடுத்த முறை இலக்கை ஐந்து நிமிடம் இறக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்றால், அந்த ஷீட்டின் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: முதல் 5 கி.மீ. என்ன வேகத்தில் போனது, முதல் ஜெல் எத்தனையாவது நிமிடம் எடுத்தீர்கள், ஓட்டத்துக்கு முந்தைய மூன்று இரவும் எத்தனை மணிக்கு லேப்டாப்பை மூடினீர்கள். செப்டம்பரில் அடுத்த பயிற்சி தொடங்கும்போது முதலில் திறக்க வேண்டிய கோப்பு அது.